நிலாவாரை: அளவும் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடியைப் பரிந்துரைக்கும் குறிப்புகள், அது வேலை செய்யும் விதத்தைச் சொல்வதில்லை. சிக்கலே அங்குதான். இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் அப்படியே பேதியைத் தூண்டுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக ஆக்கிய பிறகே குடல் அசையும். அதற்கு 8 முதல் 12 மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டால், மறுநாள் வயிற்றை முறுக்கி எடுத்துவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15–30 மி.கி. சென்னோசைடு போதும். தரமான உலர் இலையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு இருப்பதால், 1 கிராம் இலையே இரவுக்குத் தாராளம். கரண்டிக் கணக்கு வேண்டாம், எடை பார்த்துப் போடுங்கள். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் போதும், கொதிக்க விடக்கூடாது. இலையைவிடக் காயின் வேகம் சற்று மென்மையானது.

ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கலாம். டிகாக்சின் என்ற இதய மருந்து, நீர்பிரிப்பு மாத்திரை சாப்பிடுவோருக்கு அது ஆபத்து. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கும், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே கூடாது.

இதே பேரினத்து ஆவாரம்பூவை நிலாவாரைக்கு மாற்றாகப் போடுவதும் நடக்கிறது. அந்தச் செடியின் பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. அது துவர்ப்புச் சரக்கு, பேதி மருந்தல்ல.