மகளுக்கு: கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நட

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

வேலையால் வந்து படுத்தாலும் தலைக்குள் அலுவலகம் ஓடிக்கொண்டே இருக்கிறது, தியானம் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் இன்னும் மோசம் என்றாய். அப்படியென்றால் உட்காராதே பிள்ளை, நட. நடையும் ஒரு தியானம்தான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்தாயிரம் காலடி எண்ணுகிற நடை இல்லை. அது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு கணக்கு, ஒரு இலக்கு. அலுவலகத்தில் படுகிற பாடு போதாதா? நான் சொல்வது எங்கும் போய்ச் சேராத நடை. பத்துப் பதினைந்து எட்டு வைக்க இடமிருந்தால் காணும், டொரொன்டோவில் உன் வீட்டுக்குள் இருக்கிற நடைபாதையே போதும். அந்த முனைக்குப் போ, நில், ஒரு மூச்சு விடு, ஆறுதலாகத் திரும்பி வா. குதிக்கால் எழும்புவது, கால் முன்னே போவது, பாதம் பதிவது, பாரம் அதன்மேல் இறங்குவது, இவ்வளவும்தான் கவனம். காலைக் குனிந்து பார்க்காதே, கழுத்து நோகும். பார்வை கொஞ்சம் முன்னே நிலத்தில் இருக்கட்டும்.

நான் விடியப்புறம் டச் பே கடற்கரையில் நடக்கிறேன். காய்ந்த மணலில் கால் புதையும், அலை வந்து போகிற ஈர மணல்தான் வசதி. அதில் காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும், எடுத்ததும் குழிக்குள் தண்ணீர் ஊறும். இத்தனை வருஷம் இந்தக் கரையில் இருந்தும் இப்போதுதான் அதைப் பார்க்கிறேன். மாரியில் கடல் ஏறிவிடும், அப்போது விறாந்தைதான். கோட்டைப் பக்கமும் போய்ப் பார்த்தேன், சரிவரவில்லை. அங்கே மான்கள் பொலித்தீன் பையைச் சப்புவதைக் கண்டால் எனக்குக் கோபம் வந்துவிடும், பிறகு என்ன தியானம்!

இது புதுசாக யாரும் கண்டுபிடித்ததில்லை. இங்குள்ள ஆரண்யங்களில், அதாவது காட்டு மடங்களில், பிக்குமார் நடப்பதற்கென்றே நீளமாக மணல் பாதை வைத்திருப்பார்கள், சிங்களத்தில் சக்மன் மலுவ என்பார்கள். அங்குத்தர நிகாயம் என்கிற பௌத்த நூலில் புத்தர் இந்த நடைக்கு ஐந்து பலன் சொல்கிறார். தூர வழி நடக்கத் தெம்பு, முயற்சிக்குத் தெம்பு, நோய் குறைவு, சாப்பாடு நன்றாகச் சமிப்பது, பிறகு, நடையில் கிடைத்த மன ஒருமை நெடுநேரம் நிற்பது. சமிபாட்டையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வியட்நாம் துறவி திக் நாட் ஹான் மூச்சையும் காலடியையும் சேர்க்கச் சொல்வார்: உள்ளே இழுக்கையில் இரண்டு மூன்று காலடி, விடுகையில் இன்னும் ஒன்று கூடினாலும் சரி. மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

மனம் ஓடத்தான் செய்யும். மனேஜர் சொன்னது ஞாபகம் வந்தால் அப்படியே நில். வந்தது என்று தெரிந்துகொண்டு, அடுத்த காலைத் தூக்கு. மிகவும் கொதிப்பாக இருக்கிற நாளில் எடுத்த எடுப்பில் மெதுவாக நடக்கப் பார்க்காதே, எரிச்சல்தான் கூடும். முதலில் உன் வழக்கமான வேகத்தில் நடந்து, பிறகு தானாகக் குறைய விடு. தலை சுற்றினால் சுவரில் கையை வைத்துக்கொள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் போதும். போனை அறையில் வைத்துவிடு. அங்கே குளிர் என்பதால் காலுறையோடு நட, ஆனால் வழுக்காததாகப் பார். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது உனக்கு எந்தக் காலில் பாரம் கூட விழுகிறது என்று சொல்லு. எனக்கு இடது.

அன்புடன்,
அப்பா