முதல் பஸ்ஸில் அந்தியூர் போகச் சொன்ன அண்ணனுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பணி ஓய்வு நாளில் மேடையில் என்னைப் பேசச் சொன்னீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

1991-இல் ஈரோட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எச்.ஆர். என்ற சொல்லை எங்கள் ஆபீஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பணியாளர் பிரிவு என்பார்கள். பஸ் ஓட்டுகிறவர், டிக்கெட் கொடுக்கிறவர், டெப்போவில் ஸ்பேனர் பிடிக்கிறவர் என எல்லாருடைய பணிப்பதிவேடும் எங்கள் அலமாரிகளில்தான் இருந்தன.

முதல் நன்றி பதிவறை அண்ணனுக்கு. நான் சேர்ந்த வருடமே, பணியில் இருக்கும்போது இறந்துபோன ஒரு டிரைவரின் மனைவி அந்தியூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தார். கணவருக்கு நாலு வருட சர்வீஸ். "அஞ்சு வருசம் முடியலைங்க, பணிக்கொடை (கிராஜுவிட்டி) வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க" என்று எழுந்து போனார். சாயங்காலம் அண்ணன் 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டத்தைக் கொண்டுவந்து 4-ஆம் பிரிவைக் காட்டினார். பணியில் இறந்தவருக்கும், உடல் முடங்கி வேலையை விட்டவருக்கும் அந்த ஐந்து வருடக் கணக்கே கிடையாது. நான் ஆடிப்போனேன். காலையிலேயே கடிதம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"அம்மிணி, வாயில சொல்லி அனுப்புனத வாயிலதான் திருப்பி வாங்கோணும். முதல் பஸ்ஸுக்குப் போயிட்டு வாங்க."

போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார் அந்த அக்கா. பணிக்கொடைக் கணக்குக்கு, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை நாலு வருடத்தால் பெருக்க வேண்டும். வந்த தொகை பெரியதில்லை. அடுத்த ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தையில் அந்தப் பணத்தில் ஒரு எருமை வாங்கியதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம் சட்டப் பிரிவை ஒரு முறை எடுத்துப் பார்க்காமல் யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. என்மேல் கோபப்படாமலே அதைக் கற்றுக்கொடுத்த அந்த அக்காவுக்கும் நன்றி.

தொழிற்சங்கப் பெரியவருக்கு நன்றி சொன்னால் சிலர் ஆச்சரியப்படலாம். என் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்தான் அவர். ஆனால் அவர் சட்டைப்பையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு சேமநல நடத்துநரும் (இன்னும் நிரந்தரமாகாத கண்டக்டர்) எத்தனை நாள் டூட்டி பார்த்தார் என்பது தேதிவாரியாக அதில் இருக்கும். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் வருடத் தமிழகச் சட்டம். என் பதிவேட்டுக்கும் அவர் நோட்டுக்கும் கணக்கு வேறுபட்ட இடங்களில் இருவரும் மறுபடி உட்கார்ந்து எண்ணினோம். பல தடவை அவர் கணக்குத்தான் சரியாக இருந்தது. ஐயா, உங்களைப் போல எதிரில் உட்கார ஒருவர் இல்லாவிட்டால் என் வேலை பாதிதான் நடந்திருக்கும்.

அப்புறம் தாளவாடி டிரைவர் அண்ணனுக்கு. முதுகுவலி என்று திரும்பத் திரும்ப லீவு கேட்டவரிடம் விளக்கம் கேட்டு மெமோ தயார் செய்திருந்தேன். "ஒரு நடை எங்கூட வாங்க" என்றார். பண்ணாரி தாண்டி திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே லாரி வரும்போதெல்லாம் அவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். ராத்திரி ஹால்ட்டில் அவர் அந்த பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார். திரும்பி வந்து மெமோவைக் கிழித்துவிட்டு, மருத்துவக் குழுவுக்கு அனுப்பும் குறிப்பை எழுதினேன்.

போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் தீபாவளி மாதங்களில் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தேன் என்பது என் மாமியாருக்குத்தான் தெரியும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, எனக்குச் சோறு மூடி வைத்திருப்பார். அத்தை, இப்போது நீங்கள் இல்லை. இருந்தபோது இதை நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு: இடது பக்க மூன்றாவது அலமாரி மழைக்கு ஒழுகும், கீழ்த் தட்டில் எதையும் வைக்காதே. வாரிசுச் சான்றுக்கு மனு எழுதத் தெரியாமல் யாராவது வந்தால், நேரம் இல்லையென்றால் என் வீட்டுக்கு அனுப்பு கண்ணு. எழுதிக் கொடுக்கிறேன்.