இரவு முறை எடுத்தவர்களுக்கும் கும்மாயம் கொடுத்தனுப்பிய ஆச்சிக்கும்

பங்குக் கோயில் சாமியாருக்கும், எங்கள் அன்பியத்து (பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) சகோதர சகோதரிகளுக்கும், காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் எங்களைத் தாங்கிய எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் இப்போது சக்கர நாற்காலியில் உட்காருகிறார். முதுகுக்குக் கீழே இருந்த புண் முழுசாக ஆறிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறீர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்களுக்கு உணர்வு வரவில்லை. வரும் என்று மருத்துவர்கள் சொல்லவும் இல்லை.

பழைய வீடு ஒன்றில் கல் பதிக்கப் போனவர், மாடியிலிருந்து வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், விழுந்து தண்டுவடம் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்கியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குப் படுக்கைப் புண் வந்தால் வலிக்காது, வந்ததே தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நடுராத்திரியிலும்தான். என் ஒருத்தியால் ஆகிற காரியமா அது?

அன்பியத்து அண்ணன்மாரே, நீங்கள் உங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு ராத்திரியில் எங்கள் திண்ணையில் வந்து படுத்தீர்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். கூப்பிட்டவுடன் எழுந்து வந்து, ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்துப் புரட்டுவீர்கள். முகம் சுளித்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. அவருடைய கூச்சம் போனதே உங்களால்தான்.

துன்பம் மனஉறுதியைத் தரும், மனஉறுதி தகைமையைத் தரும், தகைமையிலிருந்து எதிர்நோக்கு பிறக்கும் என்று பவுல் ரோமையருக்கு எழுதியதை அந்த நாட்களில் பலர் வந்து சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் துன்பத்துக்கும் எதிர்நோக்குக்கும் நடுவில் பவுல் வைத்த இரண்டு படிகளையும் ஏற எவ்வளவு காலம் ஆகும், யார் கையைப் பிடித்து ஏறுவது? எனக்கு அந்த இரண்டு படியும் உங்கள் ராத்திரிகள்தான். என் விசுவாசம் உறுதியாக இருந்ததால் நான் நிலைத்தேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். செபமாலையைக் கையில் பிடிக்கவே முடியாத வாரங்கள் இருந்தன. எனக்காக நீங்கள் செபித்தீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சாமி, மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு வந்தீர்கள். அதைவிட ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். கடவுள்மேல் கோபமாக இருக்கிறது என்று நான் அழுதபோது, நீங்கள் சமாதானம் எதுவும் சொல்லாமல் திருப்பாடல் 88-ஐ வாசித்தீர்கள். மற்ற புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. இப்படி ஒரு வேண்டுதலும் வேதத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் சரியாகத்தான் நடந்தார்கள் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது.

அப்புறம் புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூருக்கு வேன் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி. 1686-இல் இந்த மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்ட அருளானந்தர் (போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியார்), போர்ச்சுகலுக்குப் போன பிறகும் இங்கேயே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-இல் அந்த மண்ணில் வெட்டுப்பட்டார். என்ன நடக்கும் என்று தெரிந்தே திரும்பியவர். அந்தச் சிவந்த மண்ணை என் வீட்டுக்காரர் நெற்றியில் பூசச் சொன்னார். எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்டாயா என்றேன். இல்லை, நாளைக்கும் முகம் கொடுக்கிற தெம்பைக் கேட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது பழைய அழுகை இல்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி, நீங்கள் கும்பிடுகிற சாமி வேறு. உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் போட்டுக் கிண்டிய கும்மாயத்தைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பி, "புண்ணு ஆற உடம்புல சத்து வேணும்த்தா, நீயும் சாப்பிடு" என்று சொன்னீர்கள். நானும் சாப்பிட்டேனா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் ஆச்சி.

மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த தங்கச்சி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரே நகர்வதற்குப் பழக்கிவிட்டது நீதான்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை முதலாளி அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுவதற்குக் கைதானே வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். இப்போது பாதி நாள் வேலை பார்க்கிறார், கூலியும் வருகிறது. வண்ணக் கறையோடு வீட்டுக்கு வருகிறவரைப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையார், படுக்கைப் புண் வராமலிருக்கக் கொடுத்த காற்று மெத்தை இரண்டில் ஒன்று இனி எங்களுக்குத் தேவைப்படாது. கழுவிக் காயவைத்து, மோட்டாரையும் சரிபார்த்து வைத்திருக்கிறோம். சுற்று வட்டாரத்தில் யாராவது படுக்கையில் இருந்தால், எந்த மதமானாலும் சரி, பங்கு அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள். புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.