நான்கு பெரன்ட் தாண்டி ஒரு லேபிள்: மலையகத்தில் மென்பொருள் கற்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று நம் பக்கத்தில் சி ஷார்ப் மொழியும் அதில் திரைகள் கட்டும் விண்டோஸ் ஃபோர்ம்ஸும் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகளின் இறுதி ப்ரொஜெக்டைப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறீர்கள், நானும் சந்தோஷமாக வருகிறேன். திரை அழகாக இருக்கிறது, டேட்டாபேஸும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கிறது. ப்ரோகிராம் கோடைத் திறந்தால் மட்டும் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: உள்ளே இருக்கும் பகுதி, தன்னை வைத்திருக்கும் வெளி ஃபோர்மைத் தேடிப்பிடித்து அதில் கை வைக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால் பச்சைக்கொழுந்து நிறுவை ப்ரொஜெக்ட் அடிக்கடி வரும். அதையே எடுத்துக்கொள்வோம். மெயின் ஃபோர்மில், அதாவது முக்கிய விண்டோவில், டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஒரு டேப். அதற்குள் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெனல். பெனலுக்குள் ஆளின் பெயரும் கிலோவும் பதியும் யூசர் கன்ட்ரோல், அதாவது நாமே கட்டும் ஒரு சிறு திரைப் பகுதி. சேவ் கொடுத்ததும் மெயின் ஃபோர்மின் அடியில் இருக்கும் அன்றைய மொத்தம் மாற வேண்டும். இதற்குப் பிள்ளை என்ன செய்கிறது? யூசர் கன்ட்ரோலுக்குள் நின்றுகொண்டு பெரன்ட்.பெரன்ட்.பெரன்ட்.பெரன்ட் என்று எழுதுகிறது. (ஒன்றை நேரே தனக்குள் வைத்திருப்பதுதான் அதன் பெரன்ட்.) பெனல், டேப் பேஜ், டேப் கன்ட்ரோல், ஃபோர்ம். கடைசியில் கிடைத்ததை மெயின்ஃபோர்ம் என்று காஸ்ட் செய்து (இது அந்த வகைதான் என்று கம்பைலரிடம் சொல்லி), அதன் லேபிளில் நேரே எழுதிவிடுகிறது.

வேலை செய்கிறதே என்பீர்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று செய்யும். பிறகு யாராவது பெனலை இழுத்துப் பெரிதாக்க வசதி கேட்பார்கள், நடுவில் ஒரு ஸ்ப்ளிட் கன்டெய்னர் (இடத்தை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி) வரும். அது தனக்குள் ஸ்ப்ளிட்டர் பெனல்களையும் வைத்திருப்பதால் இடையில் இரண்டு அடுக்கு கூடிவிடும். நான்காவது பெரன்ட் இப்போது ஃபோர்ம் இல்லை. காஸ்ட் செய்யும் இடத்தில் ப்ரோகிராம் விழும். கம்பைல் பண்ணும்போது ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்காது. சில பிள்ளைகள் எண்ணுவதை விட்டு வெளி ஃபோர்மைத் தானே தேடித்தரும் ஃபைன்ட்ஃபோர்ம் மெதடைப் பிடிக்கிறார்கள். எண்ணும் தொல்லை தீரும், ஆனால் அந்தக் கன்ட்ரோல் மெயின்ஃபோர்மை விட்டு வேறெங்கும் போக முடியாது என்ற நிலை அப்படியேதான்.

கன்ட்ரோல் உருவாகும்போது ஓடும் கொன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே பெரன்டைத் தேடுவது இன்னொரு வழக்கம். கன்ட்ரோல் உருவான பிறகுதான் அதைக் கன்ட்ரோல்ஸ் கலெக்‌ஷனில் சேர்க்கிறோம். கொன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் பெரன்ட் என்று ஒன்றுமே இருக்காது. சரி என்று லோட் இவென்டுக்கு (கன்ட்ரோல் முதன்முதல் திரைக்கு வருமுன் எழும் அறிவிப்புக்கு) மாற்றினால், அந்தக் கன்ட்ரோலை வேறொரு ஃபோர்மில் இழுத்துப் போடும்போது விஷுவல் ஸ்டூடியோவின் டிசைனருக்குள்ளேயே லோட் ஓடிவிடும். அங்கே மெயின்ஃபோர்ம் ஏது?

மெயின்ஃபோர்மை ஒரு ஸ்டாடிக் மாறியில் (ப்ரோகிராம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருப்பதில்) போட்டு எங்கிருந்தும் பிடிக்கும் வித்தையைச் சில நோட்ஸிலேயே பார்த்தேன். இதில்தான் உங்களோடு கொஞ்சம் உரிமையாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது. மேற்பிரிவுக்கு ஒன்றும் கீழ்ப்பிரிவுக்கு ஒன்றுமாக இரண்டு விண்டோ திறந்தால், ஸ்டாடிக்கில் மிஞ்சுவது கடைசியாகத் திறந்தது மட்டும். மேற்பிரிவில் நிறுத்த கொழுந்து கீழ்ப்பிரிவின் மொத்தத்தில் போய் ஏறும். தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று நம் அம்மாமார் காலங்காலமாகச் சண்டை பிடித்த இடம் இது. இதைச் சின்ன பக் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் கேட்பது இதுதான்: உள்ளே இருக்கும் கன்ட்ரோலுக்குத் தன்னை யார் வைத்திருக்கிறார் என்று தெரியவே கூடாது. அதற்கு வேண்டியதை வெளியே இருப்பவர் ப்ரொப்பர்ட்டி (வெளியிலிருந்து மதிப்பு வைக்கும் இடம்) வழியாகக் கொடுக்கட்டும். (கொன்ஸ்ட்ரக்டர் வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் டிசைனர் பெரமீட்டர் இல்லாத கொன்ஸ்ட்ரக்டரை எதிர்பார்க்கும்.) தனக்குள் நடந்ததை அது ஒரு இவென்டாக அறிவித்தால் போதும். கொழுந்து எடுக்கும் அக்கா எடையைச் செக்ரோலில் (தோட்டத்துப் பதிவேட்டில்) எழுத ஆபீசுக்குள் நுழைவதில்லை. கூடையைத் தராசில் வைக்கிறார், எழுத வேண்டியவர் எழுதிக்கொள்கிறார். தோட்டத்தின் அந்த அடுக்குமுறையை நான் புகழவில்லை. அது மனிதர்களுக்கு வேண்டாம், கோடுக்கு மட்டும் இருக்கட்டும்.

நான்கு அடுக்கு இருந்தால் ஒவ்வொன்றும் இவென்டை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. ஓரிரு அடுக்குக்கு அப்படியே செய்யலாம், அதற்கு மேல் அலுப்புத்தான். அப்போது நிறுவைப்புத்தகம் என்று ஒரு சாதாரண கிளாஸ் எழுதச் சொல்லுங்கள். அதில் லேபிளும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். அன்றைய பதிவுகளும், பதிவு கூடினால் எழும்பும் ஒரு இவென்டும் இருந்தால் போதும். ஃபோர்ம் அதில் ஒன்றை உருவாக்கி, உள்ளே தேவைப்படும் எல்லோருக்கும் அந்த ஒரே ரெஃபரன்ஸைக் கொடுக்கும். பதியும் கன்ட்ரோல் புத்தகத்தில் பதியும். மொத்தத்தைக் காட்டும் பகுதி புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. இரண்டு விண்டோ திறந்தால் இரண்டு புத்தகம், குழப்பமே இல்லை.

இது நாளைக்கும் உதவும். விண்டோஸில் திரை கட்ட 2006இல் வந்த டபிள்யூபிஎஃப், டேட்டா கொன்டெக்ஸ்டை (திரைக்கு வேண்டிய தரவை) மேலிருந்து கீழே தானாகவே இறக்கிக் கொடுக்கிறது. வெப், மொபைல் பக்கத்திலும் ரியாக்டின் கொன்டெக்ஸ்ட், ஃப்ளட்டரின் இன்ஹெரிட்டட் விட்ஜெட், ஆண்ட்ராய்டில் ஃப்ரக்மென்டுகள் பகிரும் வியூமொடல் எல்லாம் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்த வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கன்ட்ரோல்ஸ்.கிளியர் என்று எழுதினால் பெனலில் இருந்தவை திரையை விட்டுப் போகும், ஆனால் டிஸ்போஸ் ஆகாது, அதாவது முறைப்படி முடித்துவைக்கப்படாது. புத்தகத்தின் இவென்டில் பெயர் கொடுத்த கன்ட்ரோல் ஒன்று அப்படிப் போனால், புத்தகம் இருக்கும்வரை அதுவும் மெமரியில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். துண்டு பிரிண்ட் பண்ணும் வேலை அதில் இருந்தால், தேதியை மாற்றி பெனலைப் புதிதாக நிரப்பிய பிறகு ஒரு பதிவுக்கு இரண்டு துண்டு வரும். ஏன் என்று தேடினால் திரையில் ஒன்றும் அகப்படாது. கழற்றும்போது இவென்டிலிருந்து பெயரை எடுக்கவும் டிஸ்போஸை அழைக்கவும் பழக்க வேண்டும்.

சிலபஸ் பெரிது, நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் புதிய பாடம் ஒன்றும் கேட்கவில்லை. வைவாவில் ஒரு கேள்வி கூட்டுங்கள்: “இந்த யூசர் கன்ட்ரோலை ஒரு வெறும் ஃபோர்மில் வைத்து ஓட்டிக் காட்டு.” ஓடினால் 10 புள்ளி. விழுந்தால் ஏன் விழுந்தது என்று பிள்ளையே விளக்கட்டும், அதற்கு 5. அப்புறம், அந்த ஸ்டாடிக் வித்தையை நோட்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நிறுவை உதாரணத்தை இந்த முறையில் எழுதி, தமிழில் விளக்கக் குறிப்போடு அடுத்த தவணைக்கு முன் தருகிறேன். லேபில் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் வந்து செய்து காட்டவும் தயார். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.

அன்புடன்,
ஹட்டன் பக்கத்து மென்பொருள்காரன் ஒருவன்