அந்தப் பெயரை வைத்தது யார்?

அன்புள்ள குண்டூசி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது, மாடிப்படி ஏறுகிறாள். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் வீடே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டுவதானால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நம் பள்ளி வகுப்பின் சந்திப்புக்கு நீ வரவில்லை. "அடுத்த தடவை கட்டாயம்" என்று குரூப்பில் நீ போட்டிருந்ததை ஒருத்தி சத்தமாகப் படித்தாள், எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். பத்தாவது வருடமும் அதையேதான் சொன்னாய், இருபதாவது வருடமும் அதையேதான். டஸ்டர் சார் வந்திருந்தார். என் தோளைத் தட்டி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்! நான் திருத்தவில்லை. நாம் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

30 வருடம் ஆகியும் முகங்கள் எனக்கு அப்படியே தெரிந்தன. பெயர்தான் வாயில் வரவில்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இருக்கிற வசதி, மறுநாளே தேடிப் பார்த்தேன். ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 1975-இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். 17 முதல் 74 வயது வரை 392 பேர். பள்ளியை விட்டு 15 வருடம் ஆனவர்கள்கூட, படத்தைக் காட்டினால் பத்துக்கு ஒன்பது முகங்களை 'இது நம் வகுப்பு' என்று சரியாகச் சொன்னார்களாம். படம் இல்லாமல் பெயரைச் சொல்லச் சொன்னால்தான் தடுமாற்றம்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது இது இல்லை.

ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் இருந்தவளும் வந்திருந்தாள். எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுபோவாளே, அவள்தான். நாம் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று உனக்குத் தெரியும், அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கோடியிலிருந்து யாரோ அந்தப் பெயரையே உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த அவள் கை பாதியிலேயே நின்றுவிட்டது. கூப்பிட்டவர்களிடம் பேசி, குழந்தைகளைப் பற்றி விசாரித்து, எல்லாம் முடிந்த பிறகு மிச்சப் பாதியை மெதுவாக இழுத்து மூடினாள்.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பழைய வகுப்பறையில் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள். "அந்தப் பேரை வெச்சது நீதான், ஞாபகம் இருக்கா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வகுப்பு, செய்யுள் வாசிக்கிறாள். இரண்டாவது அடியில் நின்றுவிட்டாள். நான் மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னேனாம். என் பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அப்புறம் வகுப்பே சிரித்ததாம்.

என் பக்கத்தில் இருந்தவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை, குண்டூசி. அவளிடமும் அப்படியே சொன்னேன், உடனே மன்னிப்பும் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மறந்திருப்பேன்னு நான் நினைக்கவே இல்ல. உனக்கும் அது உறுத்திக்கிட்டே இருக்கும்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அதற்கு அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நாம் மூன்று பேர் சேர்ந்தோமே, அதே கல்லூரியில் அதே பாடத்தில் அவளுக்கும் இடம் கிடைத்திருந்ததாம். நம் பெயர்களைப் பட்டியலில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். தன்னை யாருக்குமே தெரியாத கல்லூரியாகத் தேடி, கிடைத்த பாடத்தை எடுத்துக்கொண்டாளாம். அங்கே முதல் நாள் யாரோ அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாளாம். இப்போது நல்ல வேலையில்தான் இருக்கிறாள், நன்றாகவே பேசுகிறாள். ஆனாலும் அவள் ஆசைப்பட்ட பாடம் அது இல்லை. அன்றைக்கு நான் முணுமுணுத்த ஒரு சொல்லால் ஒருத்தியின் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கிறது.

என் பள்ளிக் கதை உனக்குத் தெரியும். கணக்கு வகுப்பில் என்னை வெளியே நிறுத்திய கதை, பரிசளிப்பு விழாவில் என் பெயரை விட்டுவிட்ட கதை. 30 வருடமாகச் சொல்லி வருகிறேன், என் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அந்தக் கதைகளில் எப்போதும் அடிபட்டவள் நான்தான். பாரிக் 1996-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய பள்ளி மதிப்பெண் தரங்களைக் கேட்டு, நிஜப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'ஏ' வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், 'டி' வாங்கியதை வெறும் 29 சதவீதம். பள்ளியை விட்டுக் கொஞ்ச வருடத்திலேயே மோசமான மதிப்பெண் அப்படி நழுவிவிடுகிறதென்றால், மோசமாக நடந்துகொண்டது மட்டும் நிற்குமா?

பட்டவர்களுக்கு ஆனால் அது நழுவுவதில்லை. பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 7,771 பேரைப் பற்றிய ஆய்வு 2014-இல் வந்தது. 7 வயதிலும் 11 வயதிலும் மற்ற பிள்ளைகளின் கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளானவர்களுக்கு 50 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். 50 வயதில்! உனக்கும் எனக்கும் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கணினியை அணைக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் சின்னவள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, வகுப்பில் ஒரு பையனுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். யார் வைத்தது என்று கேட்டேன். "எல்லாரும்தான்மா" என்றாள். புத்தகப் பையைக்கூட இறக்க விடாமல் உட்கார வைத்து, ஜன்னலோரத்துக்காரியின் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். இரவு படுக்கப் போகும்போது வந்து, "முதல்ல சொன்னது நான்தான்மா" என்றாள். மறுநாள் அவளே அந்தப் பையனிடம் போய்ப் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அந்தத் தமிழ் வகுப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சொன்னது உன் காதில் விழுந்ததா? எனக்காக மழுப்பாதே. இன்னும் வேறு யாருக்காவது இப்படி ஏதாவது செய்திருந்தேன் என்றால் அதையும் எழுது. என் பள்ளி நாட்களை என்னைவிட நீதான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

அவள் உன்னையும் விசாரித்தாள். உன் எண்ணைத் தரலாமா என்று கேட்டாள், உன்னிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். தரட்டுமா?

சந்திப்பில் எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் எல்லாருடைய பெயரையும் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது அவள். அவளுடைய சொந்தப் பெயரை அங்கே எழுதியிருக்கிறேன். நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள். போனை எடுத்ததும் அதுதான் உன் வாயில் வர வேண்டும்.

உன்
மூன்றாம் பெஞ்ச்