கயலுக்கு, எழுத்தின் அளவைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். பொங்கலுக்கு வந்து போன பின் உன்னிடமிருந்து இரண்டு வரிக்கு மேல் செய்தி இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன் மடிக்கணினியின் எழுத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்று இரவு கூடத்தில் மூக்கு திரையில் இடிக்கிறாற்போல் குனிந்து படித்துக்கொண்டிருந்தாய். எழுத்து பொடியாக இருக்கிறதே என்றேன். திரையில் எத்தனை புள்ளி என்கிற ரெசல்யூஷனைக் குறைத்தாய். எழுத்து பெரிதாயிற்று, ஆனால் மசமசவென்று ஆகிவிட்டது. "இதற்கு அதுவே மேல்" என்று பழையபடி மாற்றிவிட்டாய்.

எதிர்வீட்டுத் தம்பியிடமும் உன்னுடையதைப் போலவே 14 அங்குலத் திரை. அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 157 புள்ளி வருகிறது. விண்டோஸோ 100 சதவீத அளவில் அங்குலத்துக்கு 96 என்று வைத்துக்கொண்டு எழுத்தை வரைகிறது. பாயிண்ட் என்பது அச்செழுத்தை அளக்கும் அலகு; அது 12 பாயிண்ட் என்று சொல்வது கண்ணுக்கு 7 பாயிண்டாகத்தான் வந்து சேர்கிறது. 32 வருடம் அச்சுக் கோத்தவன் சொல்கிறேன், அடிக்குறிப்பைக்கூட நாங்கள் 8 பாயிண்டுக்குக் கீழே கோத்ததில்லை. ஒரு சுழி கண்ணுக்குத் தப்பினால் மணம் மனமாகிவிடும்.

ரெசல்யூஷனைத் தொடாதே. 1920 புள்ளித் திரையில் 1366 புள்ளிப் படத்தை நீட்டினால் ஒரு புள்ளி ஓரிடத்தில் முழுதாக உட்காராமல் பக்கத்துப் புள்ளியிலும் கசியும். அன்று மசங்கியது அதனால்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அங்கே எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேல் என்று இருக்கும். அதை 150 சதவீதம் வை. 12 பாயிண்ட் 11 ஆகவாவது நிற்கும். வரிகள் குறைவாகத் தெரியும், அடிக்கடி உருட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. என் மகள் கணினி வேலையில் இருக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறவள் தன் கண்ணுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா? 150 வை.

உன் பையில் தலைவலித் தைலம் இருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். ராஜம் அத்தையும் முதலில் தலைவலி என்றுதான் சொன்னாள்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது உன் டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணைக் காட்டுங்கள் என்று. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெண்பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா என்று நினைத்தேன், கயல். அந்த வருடம் கணக்கில் நீ 38 வாங்கினாய். நான் கை நீட்டினேன். எட்டாம் வகுப்புப் பாதியில்தான் கண்ணாடி வாங்கினோம். கடையை விட்டு இறங்கியதும் எதிரில் தெரிந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாய், வீடு வரைக்கும். நான் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தச் சீட்டைப் பற்றி இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. பிழை திருத்தியே பிழைத்தவன் நான். என் பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை.

இப்போதைய கண்ணாடி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஸ்கேலை மாற்றுவதோடு விட்டுவிடாதே, கண் மருத்துவரிடமும் போ. அத்தைக்குக் கண் அழுத்தம் வந்த விஷயத்தை அவரிடம் சொல், உனக்கும் அதைப் பார்க்கச் சொல். 150க்கு மாற்றிய பிறகு திரையில் ஒரு "க"வை அடிமட்டம் வைத்து அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்கு எழுது. இரண்டே வரியாக இருந்தாலும் போதும்.

அப்பா