உன் மகளுக்கு வாங்க வேண்டிய பை

தாம்பரம்,
செவ்வாய் இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. தணிக்கை நெருக்கடி என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது என்று எழுதச் சொன்னாள். நம் கூட்டாளி கொக்கு போன வாரம் பேசினான். மெஸ் அண்ணாச்சி வீட்டுத் திருமணத்துக்கு நீ வராததில் அவருக்கு மிகுந்த வருத்தம். ஒரு போன் போட்டுவிடு, உடனே ஆறிவிடுவார்.

"மூத்தவளுக்குப் பெங்களூரில் வேலை. ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் பஸ்ஸில் வருவாளாம். நல்ல பையாக ஒன்று சொல்" என்று இரண்டு வரி எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் போட்டிருந்தால் கடையில் பார்த்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. போன மாதம் நடந்ததைக் கேள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து காலையில் எழும்பூரில் இறங்கினேன். மேம்பாலப் படியில் பாதி ஏறியிருப்பேன், வலது தோளில் சட்டென்று பாரமே இல்லை. தோள் வார் மேல்பக்கம் வேரோடு பிய்ந்து வந்துவிட்டது. பை இடது பக்கம் சுழன்று, கைப்பிடிக் கம்பியில் ஒரு அடி, பிறகு படியின் விளிம்பில் ஒரு அடி. திறந்து பார்த்தால் லேப்டாப்பின் ஒரு மூலை நசுங்கி, மூடியின் கீல் விட்டிருந்தது. உள்ளே ஒரு அறக்கட்டளையின் மூன்று வருடக் கணக்கு. டிஸ்க் பிழைத்தது. கூட்டத்துக்கு நடுவே படியிலேயே உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தபோது என் கை நடுங்கியது, மாப்பிள்ளை. யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பை வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மலிவான பையும் அல்ல. பதினெட்டு பாக்கெட், பக்கவாட்டில் செல்போன் சார்ஜ் ஏற்ற ஒரு ஓட்டை, பளபளவென்று ஒரு உலோக முத்திரை. விற்ற கடைக்குக் கொண்டுபோனேன். வார் பிய்வது 'பயன்பாட்டுத் தேய்மானம்', அதற்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். தோளில் மாட்டும் பைக்குத் தோள் வார் பயன்பாட்டில் சேராது என்றால் வேறு எது சேரும்? அரை மணி நேரம் வாதாடிவிட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பெட்டி, பை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்து, உள்ளே இருப்பதை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். தோள் வாரின் நுனி அரை அங்குலம்கூட உள்ளே போகவில்லை. ஒரே ஒரு வரித் தையல். நூல் அறுந்திருக்கவில்லை. துணியின் வெட்டிய ஓரம் பிரிந்து பிரிந்து தையலை விட்டு நழுவி வந்திருக்கிறது. அந்த ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைத்திருந்தாலே தப்பித்திருக்கும் என்றார். பிறகு அவர் வேலையைச் செய்தார். நாடாவை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, முதுகுப் பக்கத்தில் ஒரு தடித்த துண்டு வைத்து, சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி மாதிரி தைத்தார். நூற்றைம்பது ரூபாய். பை இப்போது புதிதில் இருந்ததைவிட உறுதியாக இருக்கிறது.

அன்று அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பழுதுக்கு வந்த பைகள் ஒரு குவியல். ஒவ்வொன்றும் எங்கே போயிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். துணி கிழிந்து வந்தது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் வாரின் வேர், ஜிப், மேலே தூக்கும் கைப்பிடி. நாம் கடையில் பார்ப்பது நிறமும் பாக்கெட்டும். பை சாவது வேறு இடத்தில். அதிலும் நீ பாக்கெட்டை எண்ணித்தான் வாங்குவாய். டிரங்குப் பெட்டிக்கு மூன்று பூட்டுப் போட்டவன் அல்லவா!

பனியன் கம்பெனிக்காரனான உனக்கு நான் தையல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜீன்ஸ் பெல்ட் லூப்பின் இரண்டு நுனியிலும் ஊசி குறுக்கே நெருங்கி ஓடிய பார்டாக் இருக்குமே, அதைத்தான் தோள் வாரிலும் தேட வேண்டும். மேல்முனை, கீழே நாடா சேரும் இடம், கைப்பிடி, மூன்றிலும் இருக்கிறதா பார். பிறகு பையின் உள்பக்கத்தைப் புரட்டு. லைனிங்குக்குள் மறைத்துவிட்டார்கள் என்றால் ஏதாவது ஒரு பாக்கெட்டையாவது வெளியே இழுத்து ஓரத்தைப் பார். வெட்டிய துணி நூல் நூலாகத் தொங்கினால் அந்தப் பை வேண்டாம். பட்டி வைத்துத் தைத்திருந்தால் மேலே பேசலாம்.

துணிக் கணக்கில் மட்டும் நீ ஏமாந்துவிடக்கூடாது, ஏனென்றால் அது உன் கணக்குக்குத் தலைகீழ். உங்கள் ஊரில் முப்பது, நாற்பது என்று நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும். பைத் துணியில் சொல்வது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆகவே எண் ஏற ஏற நூல் தடிக்கும். பள்ளிக்கூடப் பைகள் பெரும்பாலும் 600 டெனியர் பாலியஸ்டர். கார்டுரா என்று ஒரு பெயர் காதில் விழும். அது பை கம்பெனி அல்ல, துணியின் பிராண்ட், உறுதியான நைலானுக்குப் பேர்போனது. அதில் 500 டெனியரே உன் மகளுக்குத் தாராளம். பாலிஸ்டிக் நைலான் என்று இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் குண்டுச்சில் தடுப்பு அங்கிக்காக வந்த துணி. இழைகளை இரட்டை இரட்டையாகப் பாய் முடைவது போல நெய்திருப்பார்கள். இன்று 1680 டெனியர் என்று சீட்டு ஒட்டி விற்பதில் பாதிக்கு மேல் பாலியஸ்டராக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எண்ணை மட்டும் பார்க்காதே, இழை எது என்று கேள். உராய்வைத் தாங்குவதில் நைலானுக்குப் பாலியஸ்டர் இணையல்ல.

ஆனால் தடித்த துணிதான் நல்லது என்று முதுகுப் பக்கமும் சொரசொரப்பான நைலான் இருந்தால் சட்டை தேய்ந்துவிடும். நீ மகளுக்குக் கொடுத்தனுப்பும் பருத்தி பனியன் துணியெல்லாம் ஆறே மாதத்தில் முதுகில் குருணை குருணையாகப் புடைத்துக்கொள்ளும். முதுகுப் பக்கம் வழவழப்பான துணியோ வலைத்துணியோ இருக்க வேண்டும்.

ஜிப்பைப் பற்றிப் பெரியவர் சொன்னது எனக்குப் புதிது. பல்லுக்கு முன்னால் தேய்வது, நாம் பிடித்து இழுக்கும் ரன்னர்தான். அது வாய் அகன்றுவிட்டால் பல்லைச் சேர்த்துக் கடிக்காது. ஜிப் போய்விட்டது என்று பையையே தூக்கிப் போடுகிறார்களாம். ரன்னரை மாற்றினால் பல வருடம் ஓடும். ரன்னரின் பின்பக்கத்தில் எண் இருக்கும். 5 என்றால் சிறியது, 8, 10 பெரியது. பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருக்கட்டும். ஜப்பான்காரர்களின் ஒய்.கே.கே. ஜிப்தான் அவர் கைக்குப் பிடித்தது. 1934-இல் தொடங்கிய கம்பெனி, ஜிப்புக்குப் பேர்போனது. முத்திரையைப் போலியாகவும் அடிக்கிறார்கள், ஆகவே ஒரு கையால் மூலை திருப்பி இழுத்துப் பார் என்றார். திக்கினால் வேண்டாம்.

லேப்டாப் அறையைச் சோதிப்பது சுலபம். பையை மேஜைமேல் நிறுத்தி, அந்த அறைக்குள் கையை விட்டு அடிவரை தடவு. லேப்டாப் நிற்கும் தளத்துக்கும் பையின் அடிப்பகுதிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். லேப்டாப் தொட்டில் போலத் தொங்க வேண்டும். என் பையில் அது இல்லை. படி விளிம்பில் பட்ட அடி அப்படியே லேப்டாப்பில் இறங்கியது. பக்கவாட்டில் எவ்வளவு ஃபோம் இருந்தும் அடியில் இல்லாவிட்டால் என்ன பயன்?

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறை போட்டால் போதும் என்று நினைக்காதே. உறை முன்பக்கத்தைத்தான் மூடும். முதுகு வழியே வழியும் நீர் நேராக லேப்டாப் அறைப்பக்கம்தான் இறங்கும். லேப்டாப்பைத் தனியாக ஒரு நீர்புகாப் பைக்குள் போட்டு வைப்பதுதான் நிச்சயம். துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பூச்சும் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலைந்து வருடத்தில் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும். பையைப் பரணில் மூடி வைக்காமல் காற்றாட மாட்டச் சொல்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அக்கா மகனின் லேப்டாப் திருட்டுப் போய்விட்டது. இரவு பஸ். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பத்து நிமிடம் இறங்கியிருக்கிறான். மேலே தட்டில் ஏழெட்டுப் பைகள் இருந்தன. எடுத்துப்போனது அவன் பையை மட்டும். அது ஆபீஸில் கொடுத்த பை. கம்பெனியின் பெயர் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தைத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. லேப்டாப்புக்குக் கம்பெனி வேறொன்று கொடுத்துவிட்டது. ஆனால் அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேசிய ஒலிப்பதிவுகளை, பழைய செல்போன் கெட்டுப்போகிறது என்று, அவன் அதில்தான் ஏற்றி வைத்திருந்தான். வேறு எங்கும் இல்லை. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, "குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

அதனால் உன் மகளிடம், பை வாங்குவதற்கு முன் அவளுடைய முக்கியமானவற்றை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல். இன்றைக்கே சொல்.

பெரியப்பா வயல் கிரயம் முடிக்கப் பணம் கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கிறதா? நீயும் அந்தப் பஸ்ஸில் வந்தாயே. சாயம் போன மஞ்சள் பை, மேலே ஒரு கட்டு வெற்றிலை, ஒரு துண்டு. பையை மடியில்கூட வைக்காமல் காலடியில் போட்டுக்கொண்டு தூங்கினார். நமக்கே இறங்கிய பிறகுதான் தெரியும். 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் தொடங்கியபோது பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்; எனக்கு அந்த வெற்றிலைக் கட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

லேப்டாப் பையும் அப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கரும்பழுப்போ அடர் நீலமோ, பெயரில்லாமல், முத்திரையில்லாமல், தொங்கும் கொக்கியில்லாமல், சார்ஜ் ஓட்டையில்லாமல். லேப்டாப் அறையின் ஜிப் முதுகை ஒட்டி இருந்தால் மாட்டியிருக்கும்போது யாரும் திறக்க முடியாது. ஆபீஸில் கொடுக்கும் பையை அவள் ஆபீஸுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் மேல்தட்டு வேண்டாம். காலடியில் வைத்து வாருக்குள் ஒரு காலை விட்டுக்கொள்ள வேண்டும், இறங்கினால் பையும் கூடவே இறங்க வேண்டும். ரயில் என்றால் கீழ்ப் படுக்கையின் அடியில் சங்கிலி பூட்ட வளையம் இருக்கும்.

எப்போதாவது விமானத்தில் போவாள் என்றால் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். ஆகவே காலிப் பையே இரண்டு கிலோ இருந்தால் வீண். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணி (Wh) வரை தடையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்றால் 74தான் வருகிறது.

கொள்ளளவு 20 முதல் 25 லிட்டருக்குள் போதும். பெரிதாக வாங்கினால் உன் வீட்டுக்காரி முறுக்கு டப்பாவை வைத்துவிடுவாள். அப்புறம் எந்த வாரும் தாங்காது.

திங்கட்கிழமை பாரிமுனைக்குப் போகிறேன். பெரியவர் மூன்று பைகளை எனக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார், பக்கத்துக் கடையில். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் மகளின் லேப்டாப்பை டேப்பால் அளந்து அனுப்பு. 15.6 அங்குலம் என்று எழுதாதே, அது திரையின் மூலைவிட்டம். எனக்கு வேண்டியது உடம்பின் நீளம், அகலம், கனம், சென்டிமீட்டரில். அவள் உயரமும் வேண்டும். இடுப்புக்குக் கீழே பை தொங்கக்கூடாது. வாங்கியதும் என் லேப்டாப்பையும் இரண்டு பாட்டில் தண்ணீரையும் போட்டு, ஒரு வாரம் நானே எழும்பூர்ப் படிகளில் ஏறி இறங்கிவிட்டுத்தான் கொக்கிடம் கொடுத்தனுப்புவேன். அவன் இருபதாம் தேதி கோயம்புத்தூருக்கு வருகிறானாம்.

தைலம் மறக்காதே.

உன்,
பத்தாம் எண் அறை மச்சான்